நிழல்வலைக் கூடத்தில் திடமான நாற்று



வீரிய ஒட்டு ரகத் தக்காளி விதை இன்று என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதை இருக்கும். அதில் பாதி நாற்றங்காலிலேயே அழுகிப்போனால் நஷ்டம் யாருக்கு? அதனால்தான் நிழல்வலைக் கூடத்தில் குழித்தட்டு நாற்று விடச் சொல்கிறோம்.

98 குழித்தட்டில் மட்கிய தென்னை நார்க்கழிவை நிரப்புங்கள். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டை உதிரக்கூடாது, தண்ணீரும் சொட்டக்கூடாது. விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, குழிக்கு ஒரு விதை போடுங்கள். கலர் மருந்து பூசி வரும் விதைக்கு இது வேண்டாம்.

தட்டுகளை அடுக்கி பாலிதீன் தாளால் மூடிவையுங்கள். தக்காளி 4, 5 நாளிலும், மிளகாய் ஒரு வாரத்துக்கு மேலும் முளைக்கும். தினமும் திறந்து பாருங்கள். முளை தலைகாட்டியதுமே தட்டுகளைப் பரப்பிவிட வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்'னு விட்டால், வெளிச்சத்தைத் தேடி நாற்று வெளிறி நீண்டுவிடும். அப்புறம் தண்டு பருக்காது.

இனி தண்ணீர். காலையில் பூவாளியால் தெளியுங்கள். சாயங்காலத்துக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். ஈரம் தங்கினால் தண்டு அடியில் சுருங்கி, நாற்று சாயும். அதுதான் நாற்றழுகல். கண்டதும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர் நனைய ஊற்றுங்கள்.

கூடத்தின் பக்கங்களில் வெள்ளை ஈ புகாத நெருக்கமான நைலான் வலை கட்டுங்கள். இலைச்சுருள் நோயைப் பரப்புவது இந்த ஈதான். நாற்றிலேயே நோய் தொற்றினால் அந்தச் செடியில் காயை எதிர்பார்க்க முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நிழலில் செல்லமாக வளர்ந்த நாற்று வெயிலைக் கண்டால் துவண்டுபோகும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, காலை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

தக்காளி நாற்று 25 நாளில் தயாராகிவிடும். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும். உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, பிடுங்கினால் வெள்ளை வேர் நார்க்கட்டியோடு வருகிறதா? அதுதான் நல்ல நாற்று. மாலை வேளையில் நடுங்கள், உயிர்த்தண்ணீர் விடுங்கள். வயலில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.