குறை தேடப் போன ஆய்வு



மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவின் நிபந்தனை. அதனால் அண்மைக்கால மருத்துவ ஆய்வுகள் அத்தனையையும் அடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு மாத்திரை வகையின் கதையைச் சொல்கிறேன். சர்க்கரை நோய்க்கென்று வந்த அந்த மாத்திரை இதய மருத்துவர் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்து என்னைப் போன்ற சிறுநீரக மருத்துவர்களிடமும் வந்து சேர்ந்தது. மருந்தைச் சந்தேகப்பட்டவர்களால்தான் இது நடந்தது.

1835-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சின்கோனாப் பட்டையைப் போலக் கசந்ததால் காய்ச்சலுக்கு உதவும் என்று எண்ணினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1886-இல், ஜெர்மானிய மருத்துவர் வான் மேரிங் அதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. காரணம் வெகுகாலம் கழித்தே தெரிந்தது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதோடு 180 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் இறங்குகிறது. உடம்பு அதை வீணாக்குவதில்லை. நுண்குழாய்களில் உள்ள ஒரு புரதம் அதில் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்துக்கே இழுத்துக்கொள்கிறது. எஸ்ஜிஎல்டி-2 என்பது அதன் பெயர். அதைத் தடுத்தால் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறிவிடும். புளோரிசினை வாய்வழியே கொடுத்தால் குடலிலேயே சிதைந்துவிடும் என்பதால், அதன் அமைப்பைத் திருத்தி டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்றவற்றை உருவாக்கினார்கள். 2012 முதல் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்தன.

சர்க்கரையைக் குறைப்பதில் இவை ஒன்றும் பெரிய சூரர்கள் அல்ல. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் அரை, முக்கால் புள்ளி இறங்கும், அவ்வளவுதான். கதை இங்கேயே முடிந்திருந்தால் மருந்துக் கடையில் இன்னுமொரு அட்டை கூடியிருக்கும்.

ஆனால் 2007-இல் ரோசிகிளிட்டசோன் விவகாரம் வெடித்திருந்தது. அப்போது மிகுதியாக விற்றுக்கொண்டிருந்த சர்க்கரை மாத்திரை அது. 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க இதய மருத்துவர் ஸ்டீவன் நிசென், அதைச் சாப்பிடுவோருக்கு மாரடைப்பு வாய்ப்பு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது என்று எழுதினார். அந்தக் கணக்கைப் பற்றிப் பின்னர் நிறைய சர்ச்சை நடந்தது. ஆனாலும் ஐரோப்பாவும் இந்தியாவும் 2010-இல் அந்த மருந்தை நிறுத்தின. இதற்கிடையே, 2008 இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது: இனி வரும் எந்தச் சர்க்கரை மருந்தும் சர்க்கரையைக் குறைப்பதாகக் காட்டினால் மட்டும் போதாது, இதயத்துக்குக் கேடு செய்யவில்லை என்றும் மெய்ப்பிக்க வேண்டும். வீண் செலவு என்று நிறுவனங்கள் முணுமுணுத்தன. ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும் என்றால் முணுமுணுக்காமல் என்ன செய்வார்கள்?

அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நடந்ததுதான் எம்பாகிளிஃபுளோசினைச் சோதித்த எம்பா-ரெக் ஆய்வு. 42 நாடுகளில், ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோயுள்ள 7,020 சர்க்கரை நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 2015 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாண்டுகளில் வெற்று மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 5.9 பேர் இதயம், இரத்தக்குழாய் தொடர்பான நோயால் இறந்திருந்தார்கள். மருந்துப் பிரிவில் 3.7 பேர். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். இவர்கள் பூதத்தைத் தேடித்தான் வெட்டினார்கள், தண்ணீர் வந்தது.

சர்க்கரை பெரிதாகக் குறையாதபோது உயிர் எப்படிப் பிழைத்தது? அப்படியானால் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்ற துணிச்சல் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. 2019-இல் வந்தது டாபாகிளிஃபுளோசினைச் சோதித்த டாபா-எச்.எஃப். ஆய்வு. இதயம் வலுவிழந்த 4,744 பேர். பாதிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. நோய் முற்றுதல் அல்லது இதயநோய் மரணம் நூற்றுக்கு 21.2-இலிருந்து 16.3 ஆக இறங்கியது. விளம்பரத்தில் இதை '26 விழுக்காடு பாதுகாப்பு' என்று போடுவார்கள். மாணவர்கள் அதோடு நிற்கக்கூடாது. நூறு பேர் ஒன்றரை ஆண்டு சாப்பிட்டால் ஐந்து பேர் தப்புகிறார்கள். மீதி 95 பேருக்கு அந்தக் காலத்துக்குள் வேறுபாடு இல்லை. இரண்டு கணக்கும் உண்மைதான். நோயாளியிடம் நான் சொல்வது இரண்டாவதை.

அடுத்து என் துறை. 2001-இல் லோசார்ட்டன், இர்பெசார்ட்டன் என்ற இரத்த அழுத்த மருந்துகளின் ஆய்வுகள் வந்தபின் ஏறத்தாழ இருபதாண்டு எங்களுக்கு வெறுங்கைதான். 2020-இல் டாபா-சி.கே.டி. வந்தது: 4,304 சிறுநீரக நோயாளிகள், அவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. பலன் தெளிவாகத் தெரிந்ததால் கண்காணிப்புக் குழுவே ஆய்வை முன்கூட்டி நிறுத்தச் சொல்லிவிட்டது.

இந்த மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் சற்றே ஏறும். பழைய பழக்கத்தில் உடனே நிறுத்தத்தான் கை போகும். ஆனால் நடப்பது வேறு. சர்க்கரையோடு உப்பும் நுண்குழாயில் கீழே இறங்குகிறது. அதை உணர்ந்து, வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாய் சுருங்குகிறது. வடிகட்டியின் மேல் உள்ள அழுத்தம் தணிகிறது. வடிப்பு கொஞ்சம் குறைவதைத்தான் கிரியாட்டினின் காட்டுகிறது. பின்வரும் ஆண்டுகளில் சிறுநீரகம் தேயும் வேகம் குறைவதும் இதனால்தான். இதயத்தில் என்ன நடக்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த விளக்கம் இல்லை.

நடைமுறையில் பார்ப்பதையும் சொல்ல வேண்டும். ஓர் அம்மா ஆய்வகச் சீட்டை நீட்டினார். "இரத்தத்துல சுகர் 130தான் டாக்டர். யூரின்ல நாலு பிளஸ்ஸாம். லேப்ல இருந்த பையன் உடனே போய்ப் பாருங்கன்னு சொல்லிட்டான்." சிவப்பு மையில் வட்டமும் போட்டிருந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். "அது மாத்திரை செய்யற வேலைம்மா, பயப்படாதீங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். முன்பே சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். நம் ஊரில் பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், நாம்தான் கேட்க வேண்டும். அதைவிட ஆபத்தானது இரத்தம் அமிலமாவது. வழக்கமாக அது சர்க்கரை நானூறு, ஐந்நூறு என்று ஏறும்போது வரும். இந்த மருந்தில் இருநூறுக்குள் இருக்கும்போதே வரலாம். வாந்தி, மூச்சிரைப்போடு ஒருவர் வருவார். குளுக்கோமீட்டர் 180 காட்டும், பயிற்சி மருத்துவர் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார். இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோனைப் பார்த்தால்தான் தெரியும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர், நோன்பு பிடிப்பவர், அரிசியை அடியோடு விட்டுப் பேலியோ உணவுக்குத் தாவியவர், காய்ச்சலில் சாப்பிடாமல் கிடப்பவர் எல்லோரையும் முன்பே எச்சரிக்க வேண்டும். திட்டமிட்ட அறுவைக்கு மூன்று நாள் முன்னதாக நிறுத்திவிட வேண்டும்.

இந்தியாவில் டாபாகிளிஃபுளோசினின் முதல் காப்புரிமை 2020-இலும் எம்பாகிளிஃபுளோசின் காப்புரிமை 2025-இலும் முடிந்தன. பல நிறுவனங்கள் தயாரிக்க, விலை நன்றாக இறங்கிவிட்டது. இப்போது தடை வேறிடத்தில். இதயத்துக்காக எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து மருந்துக் கடைக்காரர், "உங்களுக்குத்தான் சுகரே இல்லையே, இது எதுக்கு?" என்று கேட்டுவிடுகிறார். நோயாளி அன்றோடு நிறுத்திவிடுகிறார். இப்போதெல்லாம் சீட்டிலேயே 'இதயத்துக்காக', 'சிறுநீரகத்துக்காக' என்று தமிழில் எழுதிவிடுகிறேன்.

இந்த ஆய்வுகளில் சேர்க்கப்படாதவர்களும் உண்டு. டாபா-சி.கே.டி.யில் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் உள்ளவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் இல்லை. டயாலிசிஸில் இருப்போரையும் அந்த ஆய்வு தொடங்கும்போது எடுக்கவில்லை. அவர்களில் சிலருக்கான சோதனைகள் இப்போதுதான் நடக்கின்றன. "பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லா இருக்காமே, எனக்கும் எழுதுங்க" என்று டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி கேட்பவர்களிடம், முடிவு வரட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.