சரக்கு நோட்டும் உயிர் காக்கும்



நம்ம குழுக்களில் பலர் கடலை மிட்டாய், பொடி வகைகள் செய்து விற்கிறோம். அதனால் கடலையை வைத்து நடந்த ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்றேன்.

அமெரிக்காவில் 2008 கடைசியில், ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண வயிற்றுக் கோளாறுதான். ஆனால் அங்கே நோயாளியின் மலத்தைப் பரிசோதித்து, சால்மோனெல்லா கிருமி இருந்தால், அதன் மரபணு அடையாளத்தைக் கைரேகை மாதிரி எடுத்து நாடு முழுக்க ஒப்பிடுவாங்க. நவம்பரில் 12 மாநிலங்களில் 13 பேருக்கு ஒரே ரேகை இருந்தது!

உடனே விசாரணை தொடங்கியது. "என்ன சாப்பிட்டீங்க, எங்கே வாங்கினீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாங்க. மினசோட்டா மாநிலத்தில், முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்குப் போன பெரிய டப்பா கடலை வெண்ணெய் மேல் சந்தேகம் வந்தது. சோதித்தால் அதே கிருமி. டப்பா வந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனால், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழிற்சாலை. கூரை ஒழுகல், எலித் தொல்லை. கிருமி இருக்கு என்று சோதனை சொன்ன சரக்கையும் அனுப்பியிருக்காங்க. 46 மாநிலங்களில் 714 பேருக்கு நோய் உறுதியானது; 9 பேர் இறந்தாங்க. 2015-இல் முதலாளிக்கு 28 ஆண்டு சிறைத் தண்டனை.

"வறுத்த கடலையில் கிருமி ஏது?" என்று கேட்பீங்க. நல்லா வறுத்தால் சாகும். வறுத்த பிறகு மழைத்தண்ணீரோ, எலிப் புழுக்கையோ, பச்சைக் கடலைத் தூசியோ பட்டால் திரும்ப வந்துடும். காய்ந்த பண்டத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அதனால் பச்சைக் கடலைக்கு ஒரு முறம், வறுத்ததுக்கு வேற முறம். வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்றைக்குச் சமையல் வேலைக்கு வர வேண்டாம். அவருக்குக் கூலியைப் பிடிக்கவும் வேண்டாம். பிடித்தால் மறைத்துக்கொண்டு வருவாங்க. டாக்டர் மலப் பரிசோதனை எழுதினால் கூச்சப்படாமல் கொடுங்க. கண்டுபிடிப்பு அங்கேதான் தொடங்குது.

கடைசியாக, சரக்கு நோட்டு. கடலை யாரிடம் வாங்கினோம், எந்தத் தேதியில் செய்தோம், எந்தக் கடைக்குப் போட்டோம் என்று எழுதுங்க. பாக்கெட்டிலும் தேதி போடுங்க. ஒரு நாள் புகார் வந்தால், அந்த ஒரு நாள் சரக்கை மட்டும் திரும்ப எடுத்துடலாம். நோட்டு இல்லையென்றால் எல்லாச் சரக்கையும் கொட்டணும். அதுக்குள்ளே எத்தனை குழந்தைகள் சாப்பிட்டிருக்குமோ!

சேமிப்பையும் கடன் தவணையையும் பைசா சுத்தமாக எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையில்லை.