உடற்பருமனுக்குச் சத்திரசிகிச்சை

(நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நீரிழிவு பற்றிப் பேசவா, மார்புப் புற்றுநோய் பற்றிப் பேசவா என்று எங்கள் செயலாளரிடம் கேட்டேன். "அவற்றைப் பற்றி எல்லாரும் பேசுகினம். நாங்கள் வாய் திறக்காத ஒன்றைப் பற்றிப் பேசுங்கோ" என்றார். அதனால்தான் இந்தத் தலைப்பு.

மிகையான உடற்பருமன் உள்ள பெண்ணிடம் எல்லோரும் சொல்வது, "வாயைக் கட்டு" என்பதே. அவள் எத்தனையோ முறை கட்டிப் பார்த்திருப்பாள். நிறை குறையும்போது பசியைத் தூண்டும் ஓமோன் கூடுகிறது. உடல் செலவிடும் சக்தி குறைகிறது. இழந்த நிறையை மீட்க உடலே போராடுகிறது. இதைச் சோம்பல் என்பது அறியாமை.

யாருக்குச் சத்திரசிகிச்சை? உடற்திணிவுச் சுட்டி 35 அல்லது அதற்கு மேல் என்பது 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல். ஐந்தடி ஓரங்குல உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 84 கிலோ. எங்களைப் போன்ற ஆசியருக்கு எல்லை இன்னும் தாழ்வானது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியகற்றிக் குழாய்போல ஆக்குவது 'ஸ்லீவ்'. சிறு பை மட்டும் விட்டு அதைச் சிறுகுடலோடு இணைப்பது 'பைபாஸ்'. இரண்டும் இன்று பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே செய்யப்படுகின்றன.

"செத்துப்போக மாட்டாளா?" என்பதுதான் தாய்மாரின் முதற் கேள்வி. அமெரிக்காவில் 4,776 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தோர் ஆயிரத்துக்கு 3 பேர். ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். தையலிடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, நுரையீரலில் இரத்தக்கட்டி ஆகிய மூன்றுக்கும் நாங்கள் அஞ்சுகிறோம். வீடு திரும்பியபின் காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், கடும் வயிற்றுவலி வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பயன் என்ன? சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் பத்தாண்டுகளின் பின்னும் நிறையில் கால்பங்கு குறைந்தே இருந்தார்கள். சத்திரசிகிச்சை செய்தவர்கள், செய்யாத பருமனானவர்களைவிட ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனாலும் பொது மக்களின் ஆயுளை எட்டவில்லை. அமெரிக்காவில் நீரிழிவுள்ள 150 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வில், ஐந்தாண்டுகளின் பின் எச்பிஏ1சி 6 வீதமாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தோரில் 100க்கு 5, பைபாஸில் 29, ஸ்லீவில் 23. நல்ல பலன்தான். எல்லோருக்கும் நீரிழிவு போய்விடும் என்று யாரும் விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

இனி எங்கள் வீடுகளுக்குள் வருவோம். "கலியாணம் பேசுறதுக்கு முன்னம் மெலிய வேணும்" என்று மகளை அழைத்து வருவோர் உண்டு. இது அழகுக்கான சத்திரசிகிச்சை அல்ல. உயிரையும் உறுப்புகளையும் காக்கச் செய்வது. வெளிநாட்டில் மலிவாகச் செய்து ஒரு வாரத்தில் திரும்பி, பிறகு எந்தக் கிளினிக்கிற்கும் போகாமலிருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12, விற்றமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும்; ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். தொடர்ந்து வாந்தி எடுத்தால் தயமின் குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். பைபாஸ் செய்தவர் ஒரு கிண்ணம் பாயாசம் குடித்தால் வியர்த்து, தலைசுற்றிப் படுக்க நேரிடலாம்.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது வேறொன்று. நிறை குறையும்போது, நின்றுபோன மாதவிடாய் திரும்பும். கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்களுக்குக் கருத்தரிக்கக் கூடாது. உடல் வேகமாகத் தேயும் அந்தக் காலத்தில் சிசுவுக்கும் போசாக்குக் கிடையாது. பைபாஸ் செய்தவருக்குக் கருத்தடை மாத்திரை சரிவர உறிஞ்சப்படாமல் போகலாம். வேறு முறை தேவை. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதமே "விசேஷம் ஏதும் உண்டோ?" என்று கேட்கும் மாமிமார் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். மருமகள் சத்திரசிகிச்சை செய்தவளாக இருந்தால், அந்தக் கேள்வியை ஒன்றரை வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். அவள் அதை உங்களிடம் சொல்லாமலும் இருக்கக்கூடும்.