தாய் சொல்வது தாதிக்குப் புரிய வேண்டும்



சட்டத்தரணிகளாகிய நமக்குப் பிரசவ விடுதியில் என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். அலுவல் உண்டு, கேளுங்கள்.

பிள்ளை பிறந்ததும் கண்டம் நீங்கிற்று என எண்ணுகிறோம். பேற்றுக்குப் பின் 24 மணி நேரத்துள் அரை லீற்றர் இரத்தம் போகுமாயின் மருத்துவர் அதனை ஆபத்தாகக் கணிக்கின்றனர். கருப்பை சுருங்காது தளர்ந்து கிடப்பதே பெரும்பாலும் காரணம். அதனை முதலில் அறிபவர் யார்? கட்டிலருகே நின்று அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கும் தாதியும் மருத்துவ மாதுமே. நான்கு ஆபிரிக்க நாடுகளில் நடந்து 2023இல் வெளியான பெரும் ஆய்வொன்றில், இரத்தத்தைக் கண்மதிப்புக்கு விடாது அளவிட்ட விரிப்பில் ஏந்தி அளந்து, உடனுக்குடன் சிகிச்சைகள் யாவும் ஒருங்கே அளித்தவிடத்துக் கடும் விளைவுகள் 60 வீதம் குறைந்தன.

ஆனால், விரிப்பில் அளக்கவியலாத குறிகளும் உள. தாங்கொணாத் தலையிடி, கண் மங்கல், குளிர் நடுக்கம்: இவை தாய் வாய் திறந்து சொன்னாலன்றி வெளிப்படா. கலகா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு வரும் தாய் தமிழில் சொல்கிறாள். கோப்பிக் காலந்தொட்டு இம்மலைகளில் ஒலிக்கும் தமிழ் அது! கேட்பவர் சிங்களம் மட்டுமே அறிந்தவராயின்? தாய் வெறுமனே தலையசைப்பாள். குறையொன்றுமில்லை என்று ஏட்டில் பதிவாகும்.

தாதியரை நாம் குறைகூற வரவில்லை. இரவெல்லாம் கண்விழித்துப் பல கட்டில்களைப் பார்ப்பவர் அவர். அவருக்குத் துணையாகத் தமிழறிந்தவரை நியமிக்காதோரையே கேட்கிறோம்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்றித் தமிழிலேயே மறுமொழி பெறும் உரிமையை 1988இல் 16ஆம் திருத்தம் தந்தது. பிறப்புப் பத்திரத்துக்கு அவ்வுரிமையைக் கோருகிறோம். பெற்றவள் குருதி வடியக் கிடக்கையில் கோர மறந்துவிடுகிறோம்!

இன்னொன்று. தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானக் கல்வி வேண்டும். அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லையெனில் லயத்துப் பெண்பிள்ளை எவ்வழியால் தாதியாவாள்? கற்றோரும் கமக்காரரும் இவ்விடயத்தில் ஒன்றுகூட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மாகாண சுகாதார அமைச்சுக்குத் தமிழில் விண்ணப்பம் அனுப்புவோம். மறுமொழி தமிழில் வராவிடின், அந்தக் கடிதத்தையே சான்றாகக் கொண்டு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவின் வாயிலுக்குச் செல்வோம்.