வீடு கட்டுவோர் வாங்கும் சரக்கு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் செலவு கையை மீறிவிடும் என்பதே இதன் பொருள் என்று பலரும் கொள்வர். செலவு ஒரு புறம் இருக்கட்டும். இரண்டிலும் பிறரை நம்பித்தான் காரியம் நடக்க வேண்டியிருக்கிறது. வீடு கட்டுகிறவர் செங்கல் சூளைக்காரரை நம்ப வேண்டும். மணல் லாரிக்காரரை நம்ப வேண்டும். கம்பிக் கடைக்காரரையும் கொத்தனாரையும் நம்ப வேண்டும். யாரை எவ்வளவு நம்பலாம், எதை நம் கண்ணாலேயே பார்த்துத் தெளியலாம் என்பது பற்றி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சொந்த வீடு கட்ட முற்படுவோரை மனத்திற்கொண்டு சில செய்திகள் கூற விரும்புகிறேன்.

இவ்விரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளே. 1995-ஆம் ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2007-ஆம் ஆண்டிலிருந்து அரியலூர் அதனின்று பிரிந்து நிற்கிறது. ஆட்சிக்காகப் பிரிந்தாலும் வீடு கட்டும் காரியத்தில் இவை ஒன்றையொன்று பிரிய முடியாதவை. மேற்கே பெரம்பலூர்ப் பக்கத்தில் உறுதியான கருங்கல் இருக்கிறது. கிழக்கே அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்நிலத்தின் ஒரு பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிர்களும் படிந்து படிந்து கல்லாயின. சாத்தனூரில் கிடக்கும் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் அந்தப் பழங்காலத்தின் எச்சம். புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை உலகுக்கு அறிவித்தார்.

அந்தச் சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் 1,450 டிகிரி வெப்பம்வரை சுட்டு, சிறிது ஜிப்சம் கலந்து அரைத்தால் சிமெண்டு கிடைக்கிறது. அண்டையிலுள்ள டால்மியாபுரத்தில் 1939-லேயே சிமெண்டு ஆலை எழுந்தது. அரியலூரில் அரசு ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் தனியார் ஆலைகள் பல வந்தன. இன்று அரியலூர் என்றாலே சிமெண்டு என்று சொல்லும் நிலை ஏற்பட்டிருக்கிறது.

இத்தனை வளம் அருகிலிருப்பது ஒரு பேறுதான். வண்டிச் சத்தம் குறைகிறது. ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. பக்கத்திலேயே விளைகிற பொருளை நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. "ஆலை ஊரில் சிமெண்டைச் சந்தேகிப்பதா, கல் ஊரில் ஜல்லியைச் சந்தேகிப்பதா?" என்று வாளாவிருந்து விடுகிறோம். அண்மை என்பது விலையைப் பற்றிய செய்தி. தரத்தைப் பற்றி அது நமக்கு ஒன்றும் சொல்வதில்லை.

இதற்குக் கங்கைகொண்ட சோழபுரத்தையே சான்றாகக் காட்டலாம். அப்பக்கத்தில் கருங்கல் மலை கிடையாது. ஆயினும் இராசேந்திர சோழன் தொலைவிலிருந்து கல்லைக் கொணர்ந்து பதினோராம் நூற்றாண்டில் அப்பெருங்கோயிலை எழுப்பினான். தான் வாழ்ந்த மாளிகையையோ பெரும்பாலும் செங்கல்லால் கட்டினான். மாளிகைமேட்டு அகழாய்வில் அச்சுவர்கள் வெளிப்பட்டன. எதற்கு எந்தப் பொருள் என்று ஆய்ந்து தேர்ந்தவன் அவன். பின்னர் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது அக்கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல்லைக் கொண்டுவந்தவன் தொலைவைப் பாராட்டவில்லை. கல்லைப் பெயர்த்தவர்கள் அண்மையை மட்டுமே பார்த்தார்கள்.

இனி, வீட்டுக்கு வேண்டிய சரக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதற்சரக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது நம் மனையின் மண். பெரம்பலூர் வட்டாரத்தில் கரிசல் மண் மிகுதி. பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அது தாய். அஸ்திவாரத்துக்கு அது மாற்றாந்தாய். மழை பெய்தால் உப்புகிறது; கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாய் வெடிக்கிறது. அதன்மேல் ஆழமின்றி எழுப்பிய சுவர் எவ்வளவு நல்ல சிமெண்டால் கட்டியதாயினும் விரிசல் காணும். ஆதலால் வானம் தோண்டுமுன் குழி வெட்டி, கரிசல் எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒரு பொறியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் மாறாத ஆழம்வரை கடைக்கால் இறங்க வேண்டும். மிக ஆழமான கரிசலுக்கு, நிலத்தில் துளையிட்டு, அடியைக் குடைபோல் விரித்துக் கான்கிரீட்டுத் தூண் இறக்கும் முறை உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இதனை நாடெங்கும் பரப்பியது. மண்ணை அறியாமல் சரக்கு வாங்கப் புறப்படுவது, ஆளின் அளவறியாமல் சட்டை தைப்பதை ஒக்கும்.

அடுத்தது சிமெண்டு. மூட்டையின்மேல் பெயரைப் பார்க்கிறவர்கள் பலர். தேதியைப் பார்க்கிறவர்கள் சிலர். எந்த ஆண்டில் எத்தனையாவது வாரத்தில் ஆக்கியது என்பது ஒவ்வொரு மூட்டையிலும் அச்சாகியிருக்கும். காற்றிலுள்ள ஈரமே சிமெண்டின் பகை. மூன்று மாதம் கிடங்கில் கிடந்தால் அது தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும் என்பது பொறியாளர் கணக்கு. ஆலை பத்துக் கல் தொலைவில் இருந்தும் கடைக்காரரின் கொட்டகையில் நான்கு மாதம் உறங்கிய மூட்டையை வாங்கினால், அந்த அண்மையால் நமக்கு என்ன பயன்? மூட்டைக்குள் கைவிட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலுக்கிடையில் மாவுபோல் வழுக்க வேண்டும், கட்டி இருக்கலாகாது. வீட்டுக்கு வந்தபின் மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளி, பத்துக்கு மேல் உயராமல் அடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே நலம்.

அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டு வலுவற்றது என்றொரு எண்ணம் மக்களிடையே உலவுகிறது. இந்தியத் தரக் குறியீடே நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சாம்பல் கலக்க அனுமதிக்கிறது. அத்தகைய சிமெண்டு மெல்ல இறுகி, பின்னர் நல்ல உறுதி பெறுகிறது. சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாளேனும் தண்ணீர் கட்ட வேண்டுமென்றால், இதற்குப் பத்து நாளேனும் கட்ட வேண்டும். தளத்தின் முட்டுகளையும் அவசரப்பட்டுப் பிரிக்கலாகாது. சரக்கின்மேல் ஏற்றும் பழிகளுள் பல உண்மையில் நம் அவசரத்தின் பழிகளே.

மூன்றாவது மணல். ஆற்று மணல் அள்ளுவதற்குக் கட்டுப்பாடுகள் பெருகியபின், கருங்கல்லை உடைத்து ஆக்கும் எம்-சாண்ட் வழக்கத்துக்கு வந்துவிட்டது. முறைப்படி ஆக்கிய எம்-சாண்டை ஐயுற வேண்டியதில்லை; தரக் குறியீடும் அதனை ஏற்கிறது. ஆனால் ஜல்லி உடைக்கும்போது உதிரும் குவாரித் தூளையே எம்-சாண்ட் என்று தலையில் கட்டுபவர்களும் உண்டு. உள்ளங்கையில் எடுத்து நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாவாய் ஒட்டினால் தூள். பருக்கை பருக்கையாய் உருண்டால் மணல். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை எம்-சாண்ட் ஆலைகளை மதிப்பிட்டுச் சான்று வழங்குகிறது. அச்சான்று உண்டா என்று கேட்பது நம் உரிமை. ஆற்று மணலாயின், ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி மணலும் அதற்கு மேல் உப்புத் தண்ணீரும் இட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல், மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கை மீறினால் அதனைத் திருப்பி அனுப்புங்கள்.

மணலையும் ஜல்லியையும் யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உட்புறம் 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் இருந்து, முழுதும் நிரம்பியிருந்தால் 252 கன அடி. அதாவது இரண்டரை யூனிட். அரையடி குறைத்து நிரப்பினால் 210 கன அடிதான். நாற்பத்திரண்டு கன அடி வழியிலேயே மறைந்துவிட்டது! இதற்கு வேண்டியது ஓர் அளவு நாடாவும், லாரி கொட்டுமுன் ஏறிப் பார்க்கும் ஓர் ஆளுமே. இன்னொன்று: ஈர மணல் உப்பி நிற்கும். உலர்ந்தால் அளவில் நான்கில் ஒரு பங்குவரை குறைந்துவிடக்கூடும். ஈர மணலுக்கு உலர் மணலின் விலையைக் கொடுப்பவர் தண்ணீருக்கும் விலை கொடுக்கிறார்.

செங்கல்லுக்கு வருவோம். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மூன்றடி உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையலாகாது. நகத்தால் கீறினால் கோடு விழலாகாது. உலர்ந்த கல்லை எடை பார்த்து, ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து மீண்டும் எடை போட்டால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. லோடு ஒன்றுக்கு ஐந்து கல்லை இவ்வாறு சோதிப்பது பெரிய வேலையன்று.

கம்பிக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு இது 0.889. ஆகவே 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ நிற்க வேண்டும். இக்கனத்துக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு ஏற்றத்தாழ்வைத் தரக் குறியீடு ஒப்புக்கொள்கிறது. அதற்கும் கீழே போனால் கம்பி மெலிந்தது என்று பொருள். எடைக்கு விலை கொடுத்தால் பணம் நட்டமில்லை என்று எண்ணலாம். ஆனால் பொறியாளர் எண்ணிக்கையால்தான் கம்பி குறித்திருக்கிறார். மெலிந்த கம்பி எண்ணிக்கையில் சரியாக நின்று வலுவில் ஏமாற்றிவிடும். தண்ணீரைப் பற்றி ஒரே சொல்: வாயில் விட்டால் கரிக்கும் கிணற்று நீரைக் கான்கிரீட்டில் ஊற்றலாகாது; உப்பு கம்பியை உள்ளிருந்து தின்னும்.

சரக்கைச் சொன்னோம், விற்பவரைச் சொல்ல வேண்டும். நல்ல வியாபாரியை அவர் சொல்லும் விலையைக் கொண்டு அறிவது கடினம். அவர் நம்மைச் சோதிக்க விடுகிறாரா என்பதைக் கொண்டு எளிதில் அறியலாம். "கல்லை ஊறவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்பவர் ஒருவர். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிப்பவர் இன்னொருவர். முதல்வரிடம் வாங்குங்கள். மூன்று இடங்களில் விலை கேளுங்கள். ஆனால் மூவரிடமும் ஒரே சரக்கை, ஒரே அளவில், தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வண்டிச் சத்தமும் இறக்குகூலியும் அதில் அடக்கமா என்பதையும் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னரே கொடுத்தவர் பேசும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

மேஸ்திரி சொல்லும் கடையிலேயே வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். அவருடைய அனுபவம் மதிக்கத்தக்கது. ஆயினும் கடையிலிருந்து அவருக்கு ஏதேனும் கிடைக்கிறதென்றால், அது நம் பணத்திலிருந்தே கிடைக்கிறது. ஆகவே யோசனையை அவரிடம் கேளுங்கள். விலை பேசுவதை நீங்களே செய்யுங்கள். அவருக்குரிய கூலியைக் குறையாமல் கொடுத்துவிட்டால், அவர் மறைவழியில் தேட வேண்டிய தேவையும் குறையும்.

ரசீது வாங்குவதைச் சிலர் அவமதிப்பாக எண்ணுகிறார்கள். வேறு சிலர் வரியை மிச்சப்படுத்த அதனை விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டது. குறையுள்ள சரக்கு விற்றவர்மீது மாவட்ட ஆணையத்தில் முறையிட அது வழி செய்கிறது. ஆனால் வாங்கியதற்குச் சான்றில்லாதவர் அங்கே என்ன காட்டுவார்?

எளியவர்களுக்கு அரசும் சில வேளை கைகொடுத்திருக்கிறது. 2015-இல் மூட்டை 190 ரூபாய்க்குச் சிமெண்டு வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. அதில் 100 சதுர அடிக்கு 50 மூட்டை என்று அளவு வைத்தார்கள். நம் வீட்டுக்கு எத்தனை மூட்டை செல்லும் என்று உத்தேசமாய் அறிய அந்தக் கணக்கு இன்றும் உதவும். கொத்தனார் அதற்கு மிகவும் கூடுதலாகக் கேட்டாலும், மிகவும் குறைவாகக் கேட்டாலும், காரணத்தை விசாரிக்க வேண்டும்.

நேயர்களே, இவ்வட்டாரத்திலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று, வெயிலில் உழைத்து அனுப்பும் பணமே பல ஊர்களில் வீடாக எழுகிறது. பணம் அனுப்புகிறவர் அங்கே. சரக்கு இறங்குவது இங்கே. நடுவில் நிற்பது ஒரு தகப்பனாரோ, மனைவியோ, தம்பியோ. அவர்களுக்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. ஓர் அளவு நாடா, ஒரு தராசு, ஒரு வாளித் தண்ணீர், ஒரு கணக்குப் புத்தகம் போதும். மூட்டையின் தேதியையும் லாரியின் அளவையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால், கடல் கடந்திருப்பவரும் தம் வீட்டைத் தாமே கட்டுகிறவராகிறார். கிழிந்த துணியை மாற்றலாம், கெட்ட பானையை உடைக்கலாம். தூணுக்குள் போன கம்பியையோ, தளத்துக்குள் போன மணலையோ பின்னால் எடுத்துப் பார்க்க முடியாது. பூச்சு வேலை முடிந்தால் எல்லா வீடும் அழகாகத்தான் தோன்றும். பார்க்க வேண்டியதைச் சரக்கு வாசலில் இறங்கும் அந்த நாழிகையில் பார்த்துவிட வேண்டும்.