சும்மாவா இருக்கிறோம் நாம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



கடன் மனுவில் 'தொழில்' என்று கேட்டால் நம்மில் பல பேர் என்ன சொல்கிறோம்? "வீட்டுல சும்மாதாங்க இருக்கேன்." விடியக்காலை எழுந்து தண்ணி பிடித்து, சாணி அள்ளி, சோறாக்கி, மாட்டுக்குப் புல் அறுத்து, ராத்திரி கடைசியாகப் படுக்கிற நாம் சும்மா இருக்கிறோமாம்! இந்தச் 'சும்மா'வை எதிர்த்து எழுதிய ஒரு அம்மாவைப் பற்றி இன்று பேசுவோம்.

அவர் பெயர் மரியா மீஸ். 1931-ல் ஜெர்மனியில் ஒரு விவசாயக் குடும்பத்தில், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். 1945-ல் போர் முடியப்போகிற நேரம், நாடே நாசமாகிக் கிடந்தது. அவருடைய தாயோ பெண் பன்றியைச் சினைக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஊரார் சிரித்தார்கள். போர் ஓய்ந்தபோது அந்த வீட்டில் குட்டிகள் இருந்தன. அவற்றைக் கொடுத்துத் தேவையானதை வாங்கிக்கொண்டார்கள். உயிரைக் காப்பதுதான் முதல் வேலை என்ற பாடத்தை மரியா மறக்கவே இல்லை.

1960-களில் புனேயில் ஜெர்மன் மொழி கற்பித்தார். பிறகு ஜெர்மனியில் கொலோன் நகரில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். வீட்டில் அடிபட்ட பெண்களுக்கு 1976-ல் அங்கே தங்குமிடம் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

1970-களின் கடைசியில் ஆந்திராவின் நரசாப்பூருக்கு வந்தார். அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் நூலில் லேஸ் பின்னுகிறார்கள். வீட்டு வேலையும் பார்த்து, தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னல். ஒருத்தி பூ பின்னுவாள், இன்னொருத்தி இணைப்பாள். முழுச் சரக்கு எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று இருவருக்குமே தெரியாது. அது வெளிநாட்டுக்குப் போனது. லாபம் வியாபாரிகளுக்குப் போனது. பெண்களுக்கோ அற்பக் கூலி. ஏன்? "அவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்" என்றார்கள். இதை மரியா 1982-ல் புத்தகமாக எழுதினார். தொழிலாளியை 'இல்லத்தரசி' என்று அழைத்தால் கூலியைக் குறைக்கலாம், சங்கமும் வராது. அவர் கண்டு சொன்ன உண்மை இதுதான்.

பொருளாதாரத்தைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். மேலே கொஞ்சம்தான் தெரியும்: முதலாளியின் பணம், கூலி வேலை. தண்ணிக்குள்ளே பெரும்பகுதி மறைந்திருக்கும்: பெண்களின் வீட்டு வேலை, சிறு விவசாயிகளின் உழைப்பு, மண், தண்ணி, காடு. கீழே இருப்பதுதான் மேலே இருப்பதைத் தாங்குகிறது. ஆனால் கணக்கில் வருவது மேலே தெரிவது மட்டும். மரியா 2023 மே மாதம் 92-வது வயதில் காலமானார்.

சகோதரிகளே, நம் குழுக்களிலும் பை தைக்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், அப்பளம் போடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு வாரம் எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு கூலி என்று நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைவிட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று சேர்ந்து கணக்குப் போடுவோம். ஏஜெண்டிடம் ஒருத்தியாகப் போய்க் கேட்டால் வேலையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டே போவோம்.

இனி மனுவில் 'தொழில்' என்று கேட்டால் மாடு வளர்ப்பு, தையல், விவசாயக் கூலி என்று செய்கிற வேலையைச் சொல்வோம். 'சும்மா' என்று மட்டும் சொல்ல வேண்டாம்.