பராமரிப்பவர் தேவை

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"பெண்களும் தகவல் தொழில்நுட்பமும்" என்று தலைப்புத் தந்து இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். அது மிகப் பெரிய தலைப்பு. அதற்குள் எதைச் சொன்னாலும் பொருந்தும். எதை விட்டாலும் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். ஆகவே செயலாளரிடம் அனுமதி பெற்று அதைச் சிறிதாக்கிக் கொண்டேன். சம்பளம் வாங்காமல் மென்பொருளைப் பொதி கட்டிப் பராமரிக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வேலையை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியே பேசப் போகிறேன். பதினான்கு ஆண்டுகளாக என் மாலை நேரங்களில் ஒரு பங்கு இந்த வேலைக்குப் போகிறது.

திறந்த மூல மென்பொருள் என்றால் அதன் மூலநிரலை யாரும் வாசிக்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் எழுதிய நிரல் தானாக வந்து உங்கள் கணினியில் உட்காராது. எங்கள் கல்லூரி நூலகத்தை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தை எழுதியவர் எங்கோ இருப்பார். அதற்கு இலக்கமிட்டு, அட்டை போட்டு, சரியான தட்டில் வைத்து, கிழிந்த பக்கத்தை ஒட்டி, "இதன் புதிய பதிப்பு வந்துவிட்டது" என்று பார்த்து வாங்கி வைத்தவர் எங்கள் நூலகப் பொறுப்பாசிரியை. மென்பொருளில் அந்த ஆசிரியையின் வேலையைச் செய்பவர்தான் பொதி கட்டுபவர். ஒரு செய்நிரல் இயங்க வேறு எந்தெந்தச் செய்நிரல்கள் வேண்டும், கோப்புகள் எங்கே போய் இருக்க வேண்டும், உரிமம் என்ன சொல்கிறது, இதற்கு முன் என்னென்ன மாற்றப்பட்டது என்பதையெல்லாம் எழுதி, ஒரே கட்டளையில் நிறுவவும் ஒரே கட்டளையில் நீக்கவும் கூடியதாக ஆக்கித் தருவார். இதில் கட்டுவது சின்ன வேலை. அதற்குப் பிறகு வருகின்ற ஆண்டுகள்தான் பெரிய வேலை.

நான் சேர்ந்திருப்பது டெபியன் என்ற திட்டத்தில். 1993 ஓகஸ்டில் ஐக்கிய அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மேர்டொக் அதை ஆரம்பித்தார். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி டெபியன் என்று பெயர் வைத்தார். இன்று அது லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு முழுமையான பணிசெயல் முறைமை. உபுண்டுவும், பாடசாலைகளில் சில பிள்ளைகள் வைத்து விளையாடும் ராஸ்பெரி பை கணினியின் முறைமையும் இதிலிருந்து பிறந்தவையே. பதிப்புகளுக்கு 'டோய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர்களை வைப்பார்கள். 2025 ஓகஸ்டில் வந்தது டிரிக்ஸி. அதில் ஏறத்தாழ 70,000 பொதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் 'பராமரிப்பவர்' என்ற இடத்தில் ஒருவரின் அல்லது ஒரு குழுவின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். அந்த ஆள் விலகிப் போனால் பொதியை ஆங்கிலத்தில் அநாதை என்றே குறிப்பிடுகிறார்கள். இன்னொருவர் அதைப் பொறுப்பேற்பதற்குத் தத்தெடுத்தல் என்று பெயர். அப்படி ஆள் தேடும் பொதிகளுக்கு ஒரு பட்டியலே உண்டு. அது ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை.

அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தத்தெடுத்த எங்கள் தங்கை ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். மட்டக்களப்பில் கணித ஆசிரியை. கணினியில் பட்டம் இல்லை. பிள்ளை நித்திரையான பிறகு இரவு ஒன்பது மணிக்குத்தான் அவளுக்கு நேரம் கிடைக்கும். "அக்கா, நான் நிரல் எழுதத் தெரியாதவள், என்னால் ஏதும் செய்யலாமா?" என்று எழுதினாள். பட்டியலில் ஒரு தமிழ் எழுத்துரு இருந்தது. முன்பு பார்த்தவர் கைவிட்டுச் சில காலமாகியிருந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்றேன். டெபியனுக்கு ஒரு விதிநூல் இருக்கிறது, அதை வாசி. மற்றவர்கள் கட்டிய எழுத்துருப் பொதிகளைத் திறந்து பார். நிறுவு, நீக்கு, திரும்ப நிறுவு. ஒரு சீ.ஆர். கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்தாள், ஓ.எல். பிள்ளை போல. ஒவ்வொரு பொதியிலும் டெபியன் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் பொதியின் விவரம், கட்டும் விதி, மாற்றங்களின் வரலாறு, உரிமை விவரம் என்று தனித்தனிக் கோப்புகள். புதிதாக வருபவர்கள் கட்டும் விதிதான் கடினம் என்று நினைப்பார்கள். உண்மையில் ஆட்களை நிறுத்துவது உரிமைக் கோப்புத்தான். யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த உரிமத்தின் கீழ் என்று ஒவ்வொரு கோப்புக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அவளுடைய எழுத்துருவில் ஒரு கோப்புக்கு உரிமம் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதியவரைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் வர ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் வேலை நின்றது. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று கேட்டாள். ஆம், இவ்வளவு சின்ன விஷயத்துக்குத்தான். இல்லாவிட்டால் நாளை யாரோ ஒருவர் வந்து இது என்னுடையது என்று சொன்னால் எல்லோர் கணினியிலிருந்தும் அதை எடுக்க வேண்டி வரும்.

புதியவர் தானாகப் பொதியைப் பதிவேற்ற முடியாது. ஏற்கெனவே அங்கத்தவராயிருக்கும் ஒருவர் பார்த்து, தன் மின்கையொப்பத்தை இட்டு ஏற்ற வேண்டும். நான் தெரிந்தவள் என்பதால் வேறொருவரைப் பார்க்கச் சொன்னேன். ஜேர்மனியிலிருந்து ஒருவர் பார்த்தார். 11 குறிப்புகள் எழுதி அனுப்பினார். விவரம் ஒரே வரியில் இருக்கிறது. ஓர் ஆசிரியரின் பெயர் விடுபட்டிருக்கிறது. பழைய கட்டும் முறை, புதியதற்கு மாற்றவும். வரலாற்றில் "சில திருத்தங்கள்" என்று எழுத வேண்டாம், என்ன திருத்தம் என்று எழுதவும். வணக்கமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் பழக்கத்தில் ஒருவர் இப்படி எழுதினால் கோபம் என்றுதான் எடுப்போம். நான் சொன்னேன், "தங்கச்சி, முன்பின் தெரியாத ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலம் இருந்து உன்னுடையதை வரிவரியாக வாசித்திருக்கிறார்." மூன்று முறை போய் வந்தது. நான்காம் முறை அவர் ஏற்றினார். அவள் பெயர் பராமரிப்பவர் என்ற இடத்தில் வந்தது. (அந்த மனிதர் அந்த முறையும் வாழ்த்துச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இன்னும் கொஞ்சம் இனிமையாக எழுதினால் எத்தனையோ பேர் நிலைத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.)

பிறகுதான் பராமரிப்பு. சில நாட்களில் ஒரு வழு அறிக்கை வந்தது: 'ஸ்ரீ' என்ற எழுத்து ஒரு விசைப்பலகையில் அடித்தால் சரியாக வருகிறது, இன்னொன்றில் அடித்தால் உடைகிறது. அவள் இரண்டு இரவு இருந்து காரணத்தைப் பிடித்தாள். யுனிகோடில் அந்த எழுத்தை இரண்டு வழியாக எழுதலாம். ஒன்று வழக்கமான 'ஸ' வைத்து, மற்றது 'ஶ' வைத்து. இந்த 'ஶ' யுனிகோடுக்கு வந்தது 2005 இல். எழுத்துரு அதற்கு முந்தியது. ஆகவே இரண்டாவது வழி அதற்குத் தெரியாது. திருத்தத்தைச் செய்து, முதலில் உருவாக்கியவருக்கும் அனுப்பி வைத்தாள். நிரல் எழுதத் தெரியாது என்று சொன்ன பிள்ளை.

இனி நான் சொல்லப் போவது அவ்வளவு இனிய கதை அல்ல. 'எக்ஸ்-இசட்' என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள், ஆனால் லினக்ஸ் இயங்கும் இடமெல்லாம் அது இருக்கும். அதைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே ஒருவர், பின்லாந்துக்காரர், பராமரித்து வந்தார். 2021 அளவில் இன்னொருவர் உதவிக்கு வந்தார். நல்ல நல்ல திருத்தங்கள் அனுப்பினார். 2022 இல் வேறு சில பெயர்களிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின: ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்கள் என்று. இது சம்பளமில்லாத, ஓய்வு நேர வேலை என்று அவர் பதில் எழுதினார். நெருக்குதல் நிற்கவில்லை. கடைசியில் உதவிக்கு வந்தவருக்கும் பொறுப்புக் கொடுக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில் அந்த ஆள் வெளியிட்ட பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து சேவையகங்களுக்குள் நுழையப் பயன்படும் செய்நிரலினூடாக, சாவியில்லாமல் உள்ளே போக அது வழி செய்தது. அந்தச் செய்நிரலும் எக்ஸ்-இசட்டும் நேரடியாகத் தொடர்புடையவை அல்ல. டெபியன் போன்ற இடங்களில் பொதி கட்டுவோர் நல்லெண்ணத்தோடு சேர்த்திருந்த ஒரு திருத்தமே இரண்டையும் இணைத்திருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ஃப்ரொய்ன்ட், மைக்ரோசொஃப்ட்டில் வேலை செய்யும் பொறியியலாளர். டெபியனின் பரிசோதனைப் பதிப்பில் வேறொன்றை அளந்துகொண்டிருந்தபோது, உள்நுழைய அரை செக்கன் கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். ஏன் என்று விடாமல் தேடினார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். டெபியனில் ஒரு பொதி முதலில் பரிசோதனைப் பதிப்பில் சில காலம் இருந்து, பிறகுதான் நிலையான பதிப்புக்குப் போகும். அதனால் நிலையான பதிப்பை இயக்கிய சேவையகங்கள் தப்பின.

அவருடைய கூர்மையைப் பலரும் பாராட்டினார்கள், நியாயந்தான். எனக்கு மனதில் நிற்பது அந்தப் பின்லாந்துக்காரர். இரண்டாவதாக நம்பிக்கையான ஓர் ஆள் முன்பே அவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மின்னஞ்சல்களுக்கு இருவராகப் பதில் சொல்லியிருப்பார்கள். எக்ஸ்-இசட்டைப் பயன்படுத்திய பெரிய நிறுவனங்கள் எத்தனை! உதவிக்கு வந்த ஒரே ஆள் அந்த ஆள்தான். டெபியனில் அங்கத்தவராவதற்கு முன் மற்ற அங்கத்தவர்களை நேரில் சந்தித்து, அடையாள அட்டை காட்டி, மின்சாவியில் கையொப்பம் வாங்குவதே வழக்கம். புதியவர்கள் இதைத் தேவையில்லாத சடங்கு என்பார்கள். 2024 க்குப் பிறகு அப்படிச் சொல்வது குறைந்திருக்கிறது.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்கு இங்குள்ள கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து 'சஹன' என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. அதேபோல எங்கள் பழைய கல்லூரி மலர்களைத் தேடி நீங்கள் போகும் நூலகம் இணையத்தளமும் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே திறந்த மூல மென்பொருளில் இயங்குகிறது. தமிழ் விசைப்பலகை, தமிழ் எழுத்துரு, அச்சுப் பக்கத்தைத் தமிழ் எழுத்தாக வாசிக்கும் செய்நிரலின் தமிழ்த் தரவு, இவையெல்லாம் டெபியனில் பொதிகளாக உள்ளன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அந்த யாரோ ஒருவருக்கு வயதாகும், வேலை மாறும், சலிப்பு வரும். தமிழ் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு எடுத்து நடத்தலாம்தான். ஆனால் 'ஸ்ரீ' உடைந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

பெண்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று தலைவி சொன்னார். 2004 இல் டெபியன் பெண்கள் என்ற குழு தொடங்கப்பட்டது, ஏனென்றால் அதுவரை எங்கள் எண்ணிக்கை கைவிரல்களுக்குள் இருந்தது. இப்போது பரவாயில்லை, போதாது. அவுட்ரீச்சி என்ற திட்டம் ஏறத்தாழ மூன்று மாதம் ஒரு வழிகாட்டியோடு இருந்து பழகுவதற்குக் கொடுப்பனவும் தருகிறது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகள்மார் இருந்தால் தேடிப் பாருங்கள். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். மொழிபெயர்க்கலாம், வழுவை ஒழுங்காக எழுதி அறிவிக்கலாம், திருத்தம் சரியா என்று பரிசோதிக்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் காணும் பிழைகளை நாங்கள் ஒரு வருடத்தில் காணமாட்டோம்.

என் மட்டக்களப்புத் தங்கைக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிள்ளை. போன கிழமை தன் பொதிக்கு 'உதவி தேவை' என்ற குறிப்பைப் போட்டிருக்கிறாள். தான் எழுதிய சீ.ஆர். கொப்பியின் பிரதியை எனக்கு அனுப்பியிருக்கிறாள், கேட்பவருக்குக் கொடுக்கச் சொல்லி. தேநீர் இடைவேளையில் பழைய இரசாயன ஆய்வுகூடத்துக்கு வெளியே உள்ள விறாந்தையில் மடிக்கணினியோடு இருப்பேன். கொப்பியும் என்னிடம் இருக்கிறது.